பெயர் சுட்டாத படம்

மயிலாப்பூருக்கு வெளிநாட்டார் வருவது புதிய செய்தியன்று. லஸ் முனைக்குப் பெயர் தந்த காட்டுக்கோயில் மாதா ஆலயத்தில் 1516 என்று ஆண்டு பொறித்த போர்த்துகீசியக் கல்வெட்டு இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாக யாரேனும் ஒருவர் கடல் கடந்து வந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வந்தவர்கள் எழுதினார்கள், வரைந்தார்கள், பிற்காலத்தில் படம் பிடித்தார்கள். நம் சோற்றையும் குழம்பையும் உண்டு கருத்துரைத்தார்கள். அவர்கள் கண்ணுக்கு நாம் எவ்வாறு தெரிந்தோம் என்று அறிவதில் நமக்கு எப்போதும் ஓர் ஆவல் உண்டு. கூடவே ஒரு கோபமும் உண்டு. அந்தக் கோபம் ஒருமுறை எங்கே போய் முடிந்தது என்பதையே இங்கு சொல்ல நினைக்கிறோம்.

2016-ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஜெர்மானியப் பெண்மணி ஒருவர் தமிழ் கற்க வேண்டுமென்று சித்திரக்குளத்தின் அருகிலிருக்கும் நம் வீட்டைத் தேடி வந்தார். அவருடைய கணவருக்கு ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு அடையாற்றில். அம்மையார் தம் நாட்டில் நிழற்படக் கலையை முறையாகப் பயின்றவர். இங்கே வேலை பார்க்க விசாவில் இடமில்லை. ஆகவே தோளில் ஒரு கேமராவும் கையில் ஒரு தடித்த குறிப்பேடுமாக ஊரைச் சுற்றினார். தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் ஒரேயொரு முறை நுழைந்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு படமும் எடுக்காமல் வெளியே தள்ளப்பட்டதாகச் சொல்லிச் சிரித்தார். மயிலையின் மாடவீதிகள் அவருக்குப் பிடித்துப்போயின. தெற்கு மாடவீதியின் காய்கறிக் கடைகள், ராயர் மெஸ்ஸின் வாசலில் இட்லிக்காகக் காத்து நிற்கும் வரிசை, கபாலீசுவரர் கோயில் குளப்படிகளில் பேசாமல் அமர்ந்திருக்கும் முதியவர்கள் என்று படங்கள் சேர்ந்துகொண்டே போயின.

நாம் பாடம் சொன்னோம். நம் தாயார் சோறு போட்டார். தாயார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். மிளகு ரசம் வைப்பதில் அவருக்கு ஈடு அவரேதான் என்று நாம் சொன்னால் மகன் பேச்சென்று தள்ளிவிடலாம். ஆனால் அம்மையார் முதல் நாளே மூன்று தம்ளர் வாங்கிக் குடித்தார். பிறகு அளவு கேட்டார்.

"அளவெல்லாம் யாரு கண்டா தாயி? கைக்குத் தெரியும்லா" என்றார் தாயார்.

அம்மையார் விடவில்லை. அடுத்த வாரம் சமையலறைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். தாயார் கையில் அள்ளிய மிளகையும் சீரகத்தையும் உப்பையும் ஒவ்வொன்றாக நிறுத்துக் குறித்துக்கொண்டார். மூன்று சனிக்கிழமைகளில் மூன்று விதமான எடை. எது சரியென்று கேட்டதற்குத் தாயார், "மூணும் சரிதான். அன்னைக்குப் புளி பழசு, போன வாரம் மழை, இன்னைக்கு உனக்குச் சளி" என்றார். குறிப்பேட்டில் அந்த மூன்று காரணங்களும் ஏறின. அந்நாட்களில் அம்மையாரின் கைக்கெழுத்துத் தமிழில் 'ள'கரமும் 'ழ'கரமும் இடம் மாறிக்கொண்டிருந்தன; ஆகவே அது 'மளை' என்றே பதிவாயிற்று.

அந்நாட்களில்தான் நாம் 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலேய அதிகாரியைத் தேடிப் படித்தோம். சென்னை இராணுவத்தில் பணியாற்றிய கென்னி-ஹெர்பெர்ட் என்பவர் அவர். 1878-இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட அவருடைய சமையல் நூல், 1885-க்குள் ஐந்து பதிப்புகளைக் கண்டது. தகர டப்பா உணவை நம்பி வாழ்ந்த வெள்ளையரை அவர் கண்டித்தார். வீட்டுக்குப் பின்னால் புகை சூழ்ந்து கிடந்த சமையற்கட்டுகளைச் சீர்திருத்தச் சொன்னார். கறிகள் விருந்து மேசையில் மதிப்பிழந்து வருவதற்கு வருந்தினார். நம் மிளகுத்தண்ணீர் அவர்கள் நாவில் 'முல்லிகடானி' ஆகியிருந்தது. அதை எப்படிச் சரியாக வைப்பது என்றும் எழுதினார். அக்கறையுள்ள மனிதர்தான். ஆனால் நூல் நெடுகிலும் அவருடைய பேச்சில் வந்துபோகும் சமையற்காரருக்கு ஒரே பெயர்: ராமசாமி. அது ஓர் ஆளின் பெயரன்று. சென்னையில் துரைமார் வீட்டுச் சமையற்கட்டில் நின்ற அத்தனை பேருக்கும் அவர் சூட்டிய பொதுப் பெயர். யாருடைய கைப்பக்குவத்தைப் பார்த்து அந்த நூல் எழுந்ததோ, அந்தக் கைகளுக்கு உரிய ஒருவரையும் அதில் நாம் சந்திக்க முடியாது.

படங்களின் கதையும் இதற்கு அயலானதன்று. சென்னையில் 1850-இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரே 1856-இல் நிழற்படச் சங்கம் தோன்றவும் காரணமானவர். அதே காலத்தில் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை என்று பெருங்கருவிகளைச் சுமந்து சென்று படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படம்பிடித்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டு படிக்கும் மாணவருக்கு அதைக் காட்டும்போதெல்லாம் நமக்கு மெய் சிலிர்க்கும். ஆளுநராக வந்த டிரெவெல்யன் இதை வீண்செலவென்று கருதி நிறுத்திவிட்டார் என்பது தனிக்கதை. டிரைப்பின் கோயில்களில் பெரும்பாலும் மனிதர் இல்லை. மெழுகிட்ட தாளில் ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். நடப்பவர்கள் அதில் தங்கமாட்டார்கள். கல் நின்றது, ஆகவே பதிந்தது. கோயிலைக் கோயிலாக்கியவர்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள், ஆகவே மறைந்தார்கள்.

வந்தவர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவும் முடியாது. 1935-இல் வந்து, 1950 வரை இங்கே தங்கிய அமெரிக்கர் எல்லிஸ் டங்கன், தமிழ் தெரியாமலேயே 'சகுந்தலை'யையும் 'மீரா'வையும் இயக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தில் ஒளி எப்படி விழ வேண்டுமென்று அறிய, அவரைப் போலவே மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்து வைத்து விளக்குகளை மாற்றி மாற்றிச் சோதித்தார்களாம். ஜான் ஹிக்கின்ஸ் இங்கே மாணவராக அமர்ந்து பாட்டுக் கற்றார். சபை ரசிகர்கள் அவரைப் 'பாகவதர்' ஆக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் பிறந்த டெபோரா தியாகராஜன், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து முட்டுக்காட்டில் மீண்டும் எழுப்பினார். 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒவ்வொரு வீடும் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற விவரம் இருக்கிறது. பார்ப்பதிலும் பல வகை உண்டு.

நம் மாணவி எந்த வகை? 2017 பங்குனியில் அறுபத்துமூவர் விழாவைப் படமெடுக்க அவருக்கு வடக்கு மாடவீதியில் ஒரு மொட்டைமாடியில் இடம் பிடித்துக் கொடுத்தோம். மேலிருந்து பார்த்தால் பல்லக்குகள் அனைத்தும் தெரியும். அரை மணி நேரத்தில் அவர் இறங்கிவிட்டார். "மேலே தலைகள் மட்டும்தான், சார்" என்றார். பிறகு மாலை வரை மோர்ப்பந்தல் ஒன்றில் தம்ளர் கழுவுபவர்களோடு நின்றுகொண்டிருந்தார். டிரைப்பைப் படித்திருந்த நமக்கு அன்று அவர்மேல் பெருமதிப்பு உண்டாயிற்று.

2018 மார்ச்சில், ஊர் திரும்புமுன் தம் படங்களில் நாற்பதைத் தேர்ந்து காட்சிக்கு வைத்தார். தாயாரையும் அழைத்துச் சென்றோம். பட்டுச்சேலை உடுத்திக் கிளம்பினார். கூடத்தின் நடுச்சுவரில் அவருடைய படம்: அம்மிக்கல்லின் மேல் குனிந்த தோள், சன்னல் வெளிச்சத்தில் நரைமுடி, மிளகைச் சேர்த்து அழுத்தும் இரண்டு கைகள். முகம் பாதிதான் தெரிந்தது. கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு வரி: 'சமையலறையில் ஒரு பெண், மயிலாப்பூர்.'

தாயார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஒரு பெண்ணாம்லா" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை ஆண்டுகள் அவர் கையால் உண்டவர், தாயி என்று அழைக்கப்பட்டவர், அவரை 'ஒரு பெண்' ஆக்கிவிட்டார். ராமசாமியின் நினைவு வந்தது. 140 ஆண்டுகளில் எதுவும் மாறவில்லை என்று தோன்றிற்று. காட்சி முடியும்வரை பொறுத்திருந்து, அம்மையாரிடம் அதை அப்படியே கேட்டோம். சற்றுக் கடுமையாகவே கேட்டோம்.

அவர் பதில் சொல்லாமல் குறிப்பேட்டைத் திறந்தார். நாற்பது படங்களில் இருந்தவர்களின் பெயர்கள், ஒன்றிரண்டைத் தவிர அத்தனையும், வரிசையாக இருந்தன. தாயாரின் பெயர் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, பிழையின்றி இருந்தது. அச்சிடுவதற்கு எல்லாரிடமும் ஒப்புதல் பெறவில்லை, பெறாமல் பெயரைச் சுவரில் எழுதுவது தம் நாட்டு வழக்கமன்று என்றார். பிறகு தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: "நீங்கள்தானே பாடம் சொன்னீர்கள், சார்? அகத்திணையில் பெயர் சொல்லக் கூடாது. புறத்தில் சொல்லலாம். சமையலறை அகம் அல்லவா?"

நாம் திகைத்துப்போனோம். சொன்னது நாமே. அன்பின் ஐந்திணையில் தலைவனையோ தலைவியையோ இயற்பெயரால் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய விதியை, குறுந்தொகை தொடங்கிய அன்று ஒரு மணி நேரம் விளக்கியிருந்தோம். பெயர் நீங்குவதால் அந்தக் காதல் எவருடையதாகவும் ஆகிறது என்று பெருமையோடு சொல்லியிருந்தோம். பெயர் மறைந்து, பாட்டில் வரும் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்று வழங்கும் புலவரைச் சான்று காட்டியிருந்தோம். இப்போது, அகப்பாட்டின் தலைவி புலவன் படைத்தவள், நம் தாயார் அப்படியல்லர் என்று மறுமொழி கூறினோம். அது சரியான மறுமொழிதான் என்று இன்றும் நினைக்கிறோம். அம்மையாரும் தலையசைத்தார்.

தலையசைத்துவிட்டு, ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அங்கே ஓர் எண்ணுக்கு நேரே இடம் வெற்றாக இருந்தது. அந்த எண்ணுக்குரிய படம் நம் வீட்டு வாசல்: விடியற்காலை, ஈரத்தரை, புள்ளி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு முதிய கை. "அன்று அவர் அவசரமாகப் போய்விட்டார். பெயர் என்ன, சார்?"

நொச்சிக்குப்பத்திலிருந்து ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன் நடந்து வருபவர். நாம் அந்த வீட்டில் குடியேறிய நாள்முதல், அப்போதைக்குப் பதினோர் ஆண்டுகளாக, வாசல் தெளித்துக் கோலமிட்டுப் பாத்திரம் கழுவியவர். நமக்கு அவர் 'ஆயா'. மாதம் முதல் தேதி சம்பளக் கணக்கிலும் 'ஆயா' என்றே எழுதுவோம். கோலத்தைப் பற்றிக் கருத்தரங்கில் நாம் ஒரு கட்டுரையே வாசித்திருக்கிறோம்; எடுத்துக்காட்டுக்குக் கொடுத்த புள்ளிக்கோலங்கள் நம் வாசலில் கண்டவை. அவர் பெயர் நமக்குத் தெரியாது. தாயாரைப் பார்த்தோம். அவருக்கும் தெரியவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

வைவெர்ன் துரையாவது ஒரு பொதுப் பெயரை வைத்தார்.

மறுநாள் காலை நாம் எழுந்து வாசலுக்கு வந்தபோது கோலம் பாதி முடிந்திருந்தது. கேட்டோம். அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா வாத்தியாரே, திடீர்னு பேரு கேக்குற? ரேசன் கார்டுக்கா?" என்றார். இல்லையென்றதும் சொன்னார். அழகான, சற்றே நீண்ட பழைய பெயர். கடலோரத்துக் குலதெய்வத்தின் பெயர். பாட்டி வைத்ததாம். படத்தின் கீழே எழுதலாமா என்று கேட்டதற்கு உடனே மறுத்துவிட்டார். "எம் பேரு இன்னாத்துக்கு ஊருக்கெல்லாம்? உனக்குத் தெரிஞ்சிச்சில்ல, போதும். கோலத்தப் போட்டுக்கோ."

அம்மையாரிடம் சொன்னோம். வெற்றிடத்தில் பெயரை எழுதி, பக்கத்தில் 'அச்சிட வேண்டாம்' என்று தமிழிலேயே குறித்துக்கொண்டார். அன்றுமுதல் நாம் அவரைப் பெயர் சொல்லி, 'அம்மா' சேர்த்து அழைக்கிறோம். முதல் சில நாட்கள் அவருக்கும் நமக்கும் கூச்சமாகவே இருந்தது. சம்பளக் கணக்கில் 'ஆயா' என்ற சொல் இப்போது இல்லை. இதனாலெல்லாம் பதினோர் ஆண்டுகள் சரியாகிவிட்டன என்று நாம் எண்ணவில்லை.

2021-இல் தாயார் மறைந்தார். செய்தியை எழுதியிருந்தோம். இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஓர் உருளைப் பொதி வந்தது. அம்மிக்கல் படத்தின் பெரிய பிரதி. தாயார் சமையலறையில் இருக்கும் படம் நம்மிடம் வேறு ஒன்றும் இல்லை, நாம் எடுக்கவேயில்லை. பின்பக்கம் பென்சிலால் தாயாரின் பெயர், முதலெழுத்தோடு. அதன் கீழே மிளகு, சீரகம், உப்பு ஆகியவற்றின் மூன்று வார எடைகள், காரணங்களோடு. 'ழ'கரம் இம்முறை சரியாக இருந்தது. அந்த எடைகளை வைத்து நாமும் ரசம் வைத்துப் பார்த்திருக்கிறோம். புளி பழசா புதிதா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை.

படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கீழே எதுவும் எழுதவில்லை. இங்கேயும் தாயாரின் பெயரை நாம் எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். கோலமிடும் அம்மாவிடம் கேட்டது போல அவரிடம் கேட்க நமக்குத் தோன்றவேயில்லை. இனிக் கேட்கவும் இயலாது.