பண்ணைப்புரத்து பேஸும் பத்துக்குப் பன்னிரண்டு அறையும்

தேனிப் பக்கத்து ஆட்களிடம் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எந்த ஊரில் போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பண்ணைப்புரம்! ஓடைப்பட்டியும் அதே உத்தமபாளையம் தாலுகாதான். 1976ல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து டீக்கடை, கல்யாண வீடு, திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் என்று இந்தப் பக்கம் ராஜா பாட்டு ஒலிக்காத இடம் கிடையாது. ஆனால் அந்தப் பாட்டுகளில் பாதி விஷயம் பலர் காதுக்கு வந்து சேரவே இல்லை என்றால் நம்புவீர்களா?

அந்தப் பாதிதான் பேஸ் கிடார். இளையராஜா குழுவில் சசிதரன் வாசித்த பேஸ் கிடார் சும்மா தாளத்துக்குத் துணை போவதோடு நிற்காது. மேலே பாடகர் ஒரு வழியில் போக, அடியில் அது தனியாக இன்னொரு மெட்டே போட்டுக்கொண்டு போகும். நான்கு தந்தி பேஸ் கிடாரில் விரல் வைக்காமல் மீட்டினால் வரும் சுரங்கள் சுமாராக 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. சின்ன கோன், அவ்வளவு காற்றைத் தள்ளுவது எப்படி?

இதற்கு நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம் மண்பானை. பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தால் 'தும் தும்' என்று வரும். இதில் நிஜமான விஞ்ஞானம் இருக்கிறது. வெறும் ஸ்பீக்கரில் கோனின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிராகக் கிளம்பி, அடி சுரங்களில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். பானை இரண்டையும் பிரித்து வைக்கிறது. ஆனால் பானைக்குள் இருக்கும் காற்றுக்கும் சொந்தமாக ஒரு சுரம் உண்டு. அது மட்டும் ஓங்கி ஒலிக்கும். பாட்டு எதுவானாலும் பேஸ் ஒன்றுதான்!

இப்போது பானை போய் சப்வூஃபர் வந்துவிட்டது. அந்த ஒற்றைச் சுர வியாதி மட்டும் போகவில்லை. காரணம், இப்போது வீடே பானை :-)

ஓடைப்பட்டியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை என்று வைத்துக்கொள்வோம். சிமென்ட் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 344 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அறையின் சொந்த சுரம் கிடைக்கும். பன்னிரண்டு அடிக்கு 47 ஹெர்ட்ஸ், பத்து அடிக்கு 56 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன இரண்டாவது தந்தி 55! அந்தத் தந்தியைத் தொட்டாலே அறை சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். அப்போதுதான் அப்பத்தா உள்ளேயிருந்து, "ஏன்டா, தோட்டத்து மோட்டாரைத் தூக்கி வீட்டுக்குள்ள வச்சிட்டியா?" என்று கேட்கும்.

அதே சுரம் சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்தால் இடிக்கும், அறை நடுவில் நின்றால் காணாமல் போகும். நடு அறையில் கேட்பவர் 'பேஸ் பத்தலை' என்று பெரிய சப்வூஃபரைத் தவணையில் வாங்கி வந்து நிறுத்துவார். பிரச்சனையும் பெரிதாகும், கடனும் மிச்சம்.

காசு செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது மூன்று.

முதலில் இடம். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள் (கதவைச் சாத்திக்கொள்வது நல்லது, பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்). எங்கே சுரங்கள் தனித்தனியாகக் கேட்கிறதோ அதுதான் சப்வூஃபர் இருக்க வேண்டிய இடம்.

இரண்டாவது, அளப்பது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 30லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்கே வீங்குகிறது, எங்கே பள்ளம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் ஈக்வலைசர். இங்கே ஒரே விதி: மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பாதே. பத்து பட்டை ஈக்வலைசரில் 62 ஹெர்ட்ஸ் குமிழை இறக்கினால் பக்கத்துச் சுரங்களும் சேர்ந்து இறங்கும். பாராமெட்ரிக் வகையில் 56 ஹெர்ட்ஸ் என்று குறிப்பாகச் சொல்லி, குறுகலாக ஆறு டெசிபல் வெட்டலாம். இதற்கு இலவச மென்பொருளே இருக்கிறது.

பள்ளத்தை ஏன் நிரப்பக் கூடாது? அங்கே சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி வரும் ஒலியை அழிக்கிறது. நீங்கள் எவ்வளவு கூட்டினாலும் அழிப்பதும் அவ்வளவு கூடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. அந்தப் பள்ளத்துக்கு மருந்து நாற்காலியை நகர்த்துவதுதான்.

கூட்டுவதற்குச் செலவும் உண்டு. 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட்ஸ், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை ஏற்கனவே முழுதாக ஓட்டிக்கொண்டு 6 டெசிபல் ஏற்றினால் 120 வாட்ஸ் கேட்கும். கையில் முப்பது ரூபாய் வைத்துக்கொண்டு நூற்றிருபதுக்குச் செக் கொடுத்தால் பேங்க் என்ன செய்யும்? ஆம்ப்ளிஃபயரும் அதையேதான் செய்யும், கரகரவென்று! எனவே 4 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்ப் குமிழை அதே 4 டெசிபல் இறக்கிவிடுங்கள்.

கூட்டுவதே பாவம் என்று அர்த்தமில்லை. சத்தம் குறையும்போது நம் காதுக்குக் கீழ் சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாக மங்கிவிடும். 1933லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். பழைய செட்டுகளில் 'லவுட்னஸ்' பட்டன் இருந்தது இதற்காகத்தான். ராத்திரி பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில் மெதுவாகக் கேட்பவர் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். பகலில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

எல்லாம் செய்து முடித்த முதல் நாள் 'என்னப்பா, பேஸ் குறைஞ்சு போச்சே' என்றுதான் தோன்றும். இடிக்குப் பழகிய காது அப்படித்தான் சொல்லும். அவசரப்பட்டுக் குமிழைத் திருப்பாமல் ஒரு வாரம் விட்டுப் பிடியுங்கள். பிறகு பிடித்த ராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, பேஸ் கிடாரோடு சேர்ந்து வாய்க்குள்ளேயே முனகிப் பாருங்கள். சுரம் சுரமாக முனக வந்தால் அறை சரியாகிவிட்டது. 'தும் தும்' மட்டும்தான் வருகிறதென்றால் இன்னும் பானைக்குள்தான் இருக்கிறீர்கள்!