உதடு ஒட்டாமல்

படைப்புத்திறனுக்குப் பயிற்சி என்றால் செங்கல்லைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டின் சோதனைகளில் ஒன்று அது: ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், அடுக்கிக்கொண்டே போ. எனக்கென்னவோ அதில் சுவாரசியம் இல்லை. சுவர், அடுப்பு, கதவுக்கு முட்டு. அத்தோடு வண்டி நின்றுவிடும். எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று விட்டால் மனசு பழகின தடத்திலேயேதான் போகிறது. தடத்தை அடைத்தால்தான் சந்துபொந்து தேடும்.

எங்கள் வீட்டு விளையாட்டில் ப, ம வரிசைகளுக்குத் தடை. உதடு ஒட்டினால் அவுட். நம் புலவர்கள் இதற்கு நிரோட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் விதி இன்னும் கடுமை: உதடு குவியும் உ, ஊ, ஒ, ஓ, ஔவும் ஆகாது, வகரமும் ஆகாது. 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இந்த விலங்கு போதாதென்று யமகம் (ஒரே சொல்தொடர் வேறு வேறு பொருளில் திரும்பத் திரும்ப வருவது), அந்தாதி (ஒரு பாட்டின் முடிவிலிருந்தே அடுத்த பாட்டைத் தொடங்குவது) இரண்டையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டு திருச்செந்தூர் முருகனைப் பாடினார். முருகன் என்ற பெயரையே அதில் சொல்ல முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள்! பிரான்சில் ஜார்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் ‘e’ என்ற எழுத்தே இல்லாமல் 1969-இல் ஒரு முழு நாவல் எழுதினார்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆட்டம் தொடங்கியதுமே அம்மா, அப்பா, மாமா எல்லாரும் காலி. ‘வேண்டும்’ போய்விடுகிறது, ‘தா’ என்றுதான் கேட்க வேண்டும். பிள்ளைகள் மழையை ‘ரெயின்’ என்று கடத்தப் பார்த்ததால் ஆங்கிலத்துக்கும் தடை போட்டோம்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். பசி, கோபம், பயம், பொறாமை, மகிழ்ச்சி, வெட்கம், ஏமாற்றம், அன்பு என்று மனசுக்குள் நடப்பவற்றின் பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு எழுத்தில் மாட்டிக்கொள்கின்றன. (கவலையும் ஆசையும் தப்பிவிடுகின்றன, அவற்றை யார் தடுக்க முடியும்?) பெயர் போனதும் உடம்பு பேச வருகிறது. வயிறு காய்கிறது. கண் சிவந்தது. கை நடுங்கியது. வயிறு எரிகிறது. நெஞ்சு குளிர்ந்தது. கதை எழுதப் பழகுகிறவர்களிடம் ‘உணர்ச்சிக்குப் பெயர் சொல்லாதே, காட்டு’ என்று மணிக்கணக்கில் போதிப்பதை இரண்டு எழுத்துத் தடை ஐந்து நிமிடத்தில் செய்துவிடுகிறது.

படித்த நாங்கள்தான் இதில் திணறுகிறோம். ஜெயிப்பது எப்போதும் அத்தைதான். வயிற்றையும் கண்ணையும் கையையும் வைத்தே பேசிப் பழகிய வாய். அவரை அவுட்டாக்க ஒரே வழி, பேரனைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்வது. அவன் பெயர் பிரபு.