நாற்பதைத் தாண்டியவர்கள் அடித்த கோல்

எங்கள் திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு இந்தப் பக்கம் எழுந்தருளுவார். சுற்று வட்டார ஜனமெல்லாம் அன்று ஆற்றங்கரையில்தான். மறுநாள் காணும் பொங்கலுக்குக் கபடி, கோலப் போட்டி என்று இளவட்டங்கள் ஏதாவது நடத்துவார்கள். இந்த வருஷம் புதிதாக ஒன்று சேர்ந்தது. ஊர்ப் பையன்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் கால்பந்துப் போட்டி!

பெரியவர்கள் அணியில் ஏழு பேர். ஒருவர் தையல்காரர், ஒருவர் நெல் வியாபாரி, ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். என் கணவரும் அதில் உண்டு. வயது ஐம்பத்தொன்று, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எதிர் அணியில் யார் தெரியுமா? எங்கள் மகன்!

விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "ஏன் அக்கா, மாமாவுக்கு இந்த வயசுல இது தேவையா? ஓடறப்போ மாரைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா யாரு பதில் சொல்றது?"

பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பள்ளி நாளில் விளையாடிய ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வந்த களையையும் பார்த்தேன். "டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் சரின்னு சொன்னாத்தான் பந்து" என்று ஒரே நிபந்தனை போட்டேன்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். "விளையாடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் ஓடக் கூடாது" என்றார். முதல் இரண்டு வாரம் வேக நடை. பிறகு கொஞ்சம் நடை, கொஞ்சம் மெல்லோட்டம். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் கை கால்களைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சு வாங்கல், இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஏழு வீட்டுக்கும் கொடுத்தேன்.

தீபாவளி முடிந்ததும் பயிற்சி ஆரம்பம். சாயங்காலம் டீயோடு பஜ்ஜி கேட்கிற மனுஷர் திடலுக்குப் போக ஆரம்பித்தார். பொங்கலுக்குள் மூன்று கிலோ குறைந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை; ஆனால் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்றார். ராத்திரி படுத்தால் நல்ல தூக்கம்.

போட்டியன்று ஊரே திரண்டது. இடைவேளைக்கு முன்பே பையன்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். "தாத்தாங்களுக்கு மோர் குடுங்கடா!" என்று ஒரு வாண்டு கத்தியது. ஆனால் இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் மாறியது. பையன்கள் பந்தைத் துரத்தினார்கள். இவர்கள் பந்தை ஓட விட்டார்கள். யாரும் நாலு அடிக்கு மேல் பந்தை வைத்துக்கொள்ளவில்லை. கோலைக் காத்த கண்டக்டர், 'உள்ளே போ, உள்ளே போ' என்று பஸ்ஸில் கத்திப் பழகிய குரலில் ஒவ்வொருவருக்கும் இடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நெல் வியாபாரி ஒரு கோல் போட்டார். முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது என் கணவர் தட்டிக் கொடுத்த பந்தைத் தையல்காரர் உள்ளே தள்ளினார். இரண்டுக்கு ஒன்று. பெரியவர்கள் ஜெயித்துவிட்டார்கள்!

பணம் வேண்டும் என்பதற்கு மட்டும் அப்பாவிடம் பேசுகிற என் மகன், அன்று ராத்திரி அவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டான். "அந்தக் கடைசிப் பந்தை எப்படிப்பா பார்த்தே?" என்று கேட்டான். இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வயது தடையில்லை என்பதற்கு உலகத்தில் எத்தனையோ உதாரணம். 1994 உலகக் கோப்பையில் காமரூன் நாட்டு ரோஜர் மில்லா கோல் போட்டபோது அவருக்கு வயது 42. டென்மார்க்கில் 63 முதல் 75 வயதுவரை உள்ள ஆண்களுக்கு வாரம் இரண்டு நாள் கால்பந்துப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்ததில், இருதயத்துக்கும் எலும்புக்கும் பலன் தெரிந்ததாம். ஓட முடியாதவர்களுக்கென்றே 2011-ல் இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு என்ற ஊரில் 'நடைக் கால்பந்து' ஆரம்பித்தார்கள். ஓடக் கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முட்டி மோதக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது தென்னாப்பிரிக்கப் பாட்டிமார்களின் கதை. லிம்போபோ மாகாணத்தில் பெக்கா ந்த்சன்விசி என்ற பெண்மணி, தானே புற்றுநோயோடு போராடியவர், வயதான பெண்களைச் சேர்த்து ஒரு கால்பந்து அணி அமைத்தார். 'வக்கெகுலா வக்கெகுலா' என்று பெயர். 'பாட்டிகள், பாட்டிகள்' என்று அர்த்தம். பேரன் பேத்திகளை வளர்த்து, ரத்த அழுத்தத்தோடும் மூட்டு வலியோடும் காலம் தள்ளியவர்கள் அவர்கள். 2010-ல் அமெரிக்காவுக்கே போய், மூத்தோர் போட்டியில் ஆடிவிட்டு வந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டிலேயே இங்கே 15 படுக்கையோடு ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, இருந்ததாம். வைத்தியர், அறுவை செய்பவர், மருந்து காய்ச்சிக் கொடுக்கப் பெண்கள் எல்லாரும் அதில் உண்டு. அன்றிலிருந்து இன்றுவரை நாம் பிறர் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கணவர் மாத்திரை போட்டாரா, பிள்ளை சாப்பிட்டானா, மாமியாருக்குக் கஞ்சி ஆச்சா? நம் முழங்கால் வலியை யார் கேட்டார்கள்? மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்குத்தான் எலும்பு சீக்கிரம் தேயும். உடம்பை அசைத்து ஆடும் ஆட்டம் நமக்குத்தானே அதிகம் தேவை?

காணும் பொங்கல் முடிந்த மறு வாரமே நாங்கள் ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஒரு பந்து வாங்கினோம். டாக்டரிடம் காட்டிக்கொண்டு, வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் நடைக் கால்பந்து ஆடுகிறோம். முதல் நாள் வேலி ஓரம் நின்று சிரித்தவர்கள் உண்டு. மாரைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் இப்போது எங்கள் கோல் கீப்பர்!

உங்கள் ஊரிலும் ஒரு திடல் இருக்கும். சாயங்காலத்தில் அரை மணியை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள், சகோதரிகளே. அடுப்பில் வைத்தது அரை மணி காத்திருக்கும்.