பொட்டி தட்டுறவனும் எழுந்திருக்காத பொட்டியும்

சாஃப்ட்வேர் வேலையில இருக்குறவனுக்கு ஊர்ல ஒரு தனி மரியாதை உண்டு மக்களே. டிவி ரிமோட் வேலை செய்யலைன்னாலும் கூப்பிடுவாங்க, மிக்ஸி சுத்தலைன்னாலும் கூப்பிடுவாங்க. "கம்ப்யூட்டர் படிச்ச புள்ளதானே, இத்த கொஞ்சம் பாரேன்." நான் சென்னையில ஒரு ஆபீஸ்ல உக்காந்து ஜாவாவில் ஆணி புடுங்குறவன். ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்பினா கழலும்னு ரெண்டு தடவை யோசிக்கிற ஆளு. இதை யாருக்குச் சொல்லிப் புரிய வைக்க?

நம்ம ஊரு மாகறல். காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாத்துக் கரையில இருக்கு. திருஞானசம்பந்தர் பாடுன கோயில் இருக்குற ஊர். மத்தபடி, பஸ்ல தூங்கிட்டா தாண்டிப் போயிடுற சைஸ்தான்.

போன மாசம் அப்பாவோட திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிஞ்சு சாயங்காலம் தங்கச்சி சும்மா இல்லாம ஒண்ணு சொன்னா. "அண்ணா, அப்பா பேசுனது ஒரு வீடியோ இருந்துச்சே, உன் பழைய லேப்டாப்புல." அம்மா பாத்திரம் கழுவுறதை நிறுத்திட்டாங்க.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். நான் ப்ளஸ் டூ படிச்சது கவர்மென்ட் ஸ்கூல்ல. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல, 2014-ல எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. மூடியில அப்போ முதலமைச்சரா இருந்த ஜெயலலிதா படம். "எங்க வீட்டுல ரெண்டு அம்மா, ஒருத்தர் சமையலறையில, ஒருத்தர் லேப்டாப்புல"ன்னு கடி ஜோக் அடிச்சுட்டுத் திரிவேன். இன்ஜினியரிங் நாலு வருஷமும் அதுலதான் ஓடுச்சு. முதல் சி புரோகிராம், முதல் இன்ஃபினிட் லூப், முதல் ரெஸ்யூம் எல்லாம் அதுலதான். 2018-ல வேலை கிடைச்சதும் கம்பெனி லேப்டாப் வந்துச்சு. இதைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். அவளும் முடிச்சுட்டு பரண்ல போட்டுட்டா. அப்பா 2020-ல போயிட்டாரு.

அப்பா பட்டு நெசவு. காஞ்சிபுரத்துல ஒரு முதலாளிகிட்ட பாவும் ஊடையும் வாங்கியாந்து வீட்டுலயே தறி போட்டிருந்தாரு. போட்டோன்னாலே ஓடி ஒளியுற மனுஷன். கல்யாண ஆல்பத்துல கூட பாதி போட்டோவுல பக்கத்து ஆள் தோள் மறைச்சிருக்கும். குரல்னு எடுத்துக்கிட்டா சுத்தமா எதுவும் இல்லை. தங்கச்சி 2017-ல ஸ்கூல்ல ஏதோ புராஜெக்டுன்னு லேப்டாப்பைத் தறிக்குப் பக்கத்துல ஸ்டூல் மேல வெச்சு, வெப்கேம்ல ஒரு வீடியோ எடுத்திருக்கா. அது ஒண்ணுதான்.

பரண்ல ஏறி எடுத்தேன். தூசி தட்டினா, காத்து போற ஓட்டையிலேர்ந்து பல்லி முட்டை ஓடு உதிருது. எங்க ஊரு சாமிக்கு உடும்பீசர்னே ஒரு பேரு உண்டு, லிங்கம் உடும்பு வால் மாதிரி இருக்கும்பாங்க. அந்த வம்சம் நம்ம லேப்டாப்புலயும் குடும்பம் நடத்தியிருக்கு போல.

சார்ஜரைச் சொருகினேன். பவர் பட்டனை அமுக்கினேன். ஒண்ணும் இல்லை. லைட் இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. அம்மா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டாங்க.

நமக்குத் தெரிஞ்ச வித்தை எல்லாம் காட்டினேன். பேட்டரியைக் கழட்டி, சார்ஜரையும் எடுத்துட்டு, பவர் பட்டனை முப்பது செகண்ட் அமுக்கிப் புடிச்சேன். உள்ள தங்கியிருக்குற மிச்ச சொச்ச சார்ஜ் இறங்கிடும், சில சமயம் அதுக்கே உயிர் வந்துடும். வரலை. பேட்டரி இல்லாம சார்ஜர் மட்டும் போட்டுப் பார்த்தேன். ராமைக் கழட்டி, ரப்பரால துடைச்சு மறுபடி சொருகினேன். காசு சைஸ்ல இருக்குற சிமாஸ் பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் வெச்சேன். ம்ஹூம்.

ஊர்ல வயரிங் வேலை பாக்குற ஃபிரெண்டு ஒருத்தன் மல்ட்டிமீட்டரோட வந்தான். சார்ஜர் முனையில வெச்சுப் பார்த்தா 19 வோல்ட் சரியா காட்டுது. அப்போ சார்ஜர் நல்லா இருக்கு. அவன்தான் ஒண்ணைக் கவனிச்சான். "டேய், லேப்டாப்புல சொருகுறப்போ அடாப்டர்ல இருக்குற பச்சை லைட் அணையுதுடா." ஆமா. சொருகினா அணையுது, புடுங்கினா கொஞ்ச நேரத்துல திரும்ப எரியுது. மூணு மணி நேரமா என் கண்ணு முன்னாடி நடந்திருக்கு. நான் பார்த்ததெல்லாம் லேப்டாப்போட லைட்டை மட்டும்தான்.

அதுக்கு அர்த்தம் அப்புறம்தான் தெரிஞ்சுது. போர்டுல எங்கேயோ ஷார்ட் ஆகியிருக்கு. கரண்ட் உள்ள போன உடனே நேரா எர்த்துக்கு ஓடுது. அடாப்டர் தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆகிடுது. இனிமே பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்தினாலும் ஒண்ணும் நடக்காது. "போர்டு மாத்தணும், பழைய மாடல், கிடைக்காது"ன்னு போன்ல ஒரு கடைக்காரர் முடிச்சுட்டாரு. அன்னைக்கு ராத்திரி அம்மா சாப்பாடு போடுறப்போ அதைப்பத்தி எதுவும் கேக்கலை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

மறுநாள் காஞ்சிபுரம் போனேன். ஒரு சந்துக்குள்ள பழைய ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. போர்டு வேலையும் பாக்குறாருன்னு ஃபிரெண்டு சொல்லியிருந்தான். அறுபது வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடிக்கு மேல இன்னொரு பூதக்கண்ணாடி. நான் மூச்சு விடாம கதையைச் சொன்னேன். பச்சை லைட், ராம், சிமாஸ், முப்பது செகண்ட். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாரு.

"தம்பி, உனக்கு இந்த லேப்டாப் வேணுமா, உள்ள இருக்குறது வேணுமா?"

அவ்வ்வ். அடிப்பக்கம் ரெண்டு ஸ்குரூ. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி, முந்நூத்தி அம்பது ரூபா கேஸ்ல போட்டு, எந்த கம்ப்யூட்டர்ல வேணும்னாலும் பென் டிரைவ் மாதிரி சொருகலாம். பவர் வராத போர்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இது எனக்குத் தெரியாததா? ஆபீஸ்ல பசங்களுக்குச் சொல்லியே கொடுத்திருக்கேன். ஆனா ஒன்றரை நாளா எனக்குத் தோணலை. அந்தப் பொட்டியையே எழுப்பணும்னு நின்னுட்டேன். ஏன்னு யோசிச்சா, வேற ஒண்ணு தோணுது, அதை இங்க எழுத வேணாம்.

டிஸ்க்கை அவரே கழட்டிக் கையில கொடுத்தாரு. என் லேப்டாப்புல சொருகினேன். காதுகிட்ட வெச்சா மெல்லிசா ஒரு உறுமல். சுத்துது. ஃபோல்டர் எல்லாம் வந்துச்சு. வீடியோவைத் திறக்கலை. மூணு இடத்துல காப்பி மட்டும் போட்டுட்டு மூடிட்டேன்.

கிளம்பியிருக்கலாம். அவரு விடலை. "பொட்டியை வுட்டுட்டுப் போறியா? இரு, ஒரு டீ குடி." போர்டை வெளிய எடுத்து, சார்ஜர் சொருகுற இடத்துல மீட்டரை வெச்சாரு. கிட்டத்தட்ட ஜீரோ ஓம். அப்புறம் மேசை மேல இருந்த பவர் சப்ளையில ஒரு வோல்ட்டுக்கு வெச்சு, அந்த லைன்ல கரண்ட் கொடுத்தாரு. 19 கொடுத்தா வேற ஏதாவது எரிஞ்சுடுமாம், ஒண்ணுன்னா பயம் இல்லை. போர்டு மேல ஸ்பிரிட்டைத் தெளிச்சாரு. மொத்த போர்டும் ஈரமாப் பளபளன்னு இருந்துச்சு. "இப்போ பாரு, எது மொதல்ல காயுதுன்னு."

ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்துட்டே இருந்தோம். ஒரு ஓரத்துல, எள்ளு சைஸ்ல பழுப்பா ஒரு கெப்பாசிட்டர். அதைச் சுத்தி மட்டும் ஈரம் டக்குன்னு வட்டமா விலகுச்சு. ஷார்ட் ஆனதுலதானே கரண்ட் முழுக்க ஓடும், அதுதானே சுடும்.

எனக்கு சட்டுன்னு அப்பா ஞாபகம். பாவுல ஆயிரக்கணக்குல இழை ஓடும். நடுவுல ஒண்ணு அறுந்தா அவரு கண்ணால தேட மாட்டாரு. விழுதுக்குப் பின்னாடி உள்ளங்கையை லேசா வெச்சு ஒரு இழு இழுப்பாரு. தொய்வு கைக்குத் தெரிஞ்சுடும். அங்கேயே புடிச்சு முடிச்சுப் போட்டு, அச்சுல கோத்துட்டு வேலையைப் பாப்பாரு. கோர்வைக்குக் கரை நாடா வாங்கிப்போடப் பக்கத்துல உக்காந்திருக்குற எனக்கு, எது அறுந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

அந்தக் கெப்பாசிட்டரை சூடு காட்டி எடுத்துப் போட்டாரு. அதே லைன்ல இன்னும் நாலஞ்சு கூட்டாளிங்க இருக்காங்களாம், ஒண்ணு இல்லாம ஓடும். சார்ஜரைச் சொருகினாரு. பச்சை லைட் அணையலை. பட்டனை அமுக்கினாரு, ஃபேன் ஒரு தடவை இருமிட்டு சுத்த ஆரம்பிச்சுது.

பேட்டரி மட்டும் ஏறலை. லித்தியம் செல் ஒவ்வொண்ணும் மூணே முக்கால் வோல்ட் கிட்ட இருக்கணும். வருஷக்கணக்கா சும்மா கிடந்து ரெண்டரைக்கும் கீழ இறங்கிட்டா, உள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட்டே சார்ஜ் ஏறவிடாது. "சில பேரு குறுக்கு வழியில ஏத்துவானுங்க, செய்யாத. தீப்புடிக்கும். எடுத்துத் தனியா வெச்சுடு, குப்பையிலயும் போடாத." இனிமே சார்ஜர் போட்டாத்தான் ஓடும். ஓடட்டும், தப்பில்லை. எல்லாத்துக்கும் சேர்த்து அவரு வாங்குன காசை எழுதினா நம்ப மாட்டீங்க.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அதே பழைய லேப்டாப்புலயே போட்டேன். பதினோரு நிமிஷ வீடியோ. முதல் நாலு நிமிஷம் அப்பாவோட கையும் வீட்டுக் கூரையும்தான் தெரியுது. "இது ஓடுதா?"ங்குறாரு. "ஓடுதுப்பா"ங்குறா தங்கச்சி. "எங்க, லைட்டே காணோம்"ங்குறாரு. அப்புறம் கேமராவை மறந்துட்டு நெய்ய ஆரம்பிச்சுடுறாரு. நடுவுல என்னை வேற திட்டுறாரு. நான் படத்துல இல்லை, எங்கேயோ உள் ரூம்ல இருந்திருக்கேன். "டேய், அந்தப் பொட்டியத் தட்டுனது போதும், வந்து கரைக்கு உக்காரு." வர்றேம்பான்னு என் குரல். பதினோராவது நிமிஷம் முடியுற வரைக்கும் நான் வரவே இல்லை.

அம்மா ரெண்டு தடவை பார்த்தாங்க. மூணாவது தடவை, "சத்தம் இன்னும் கொஞ்சம் வைடா"ன்னாங்க. அது ஏற்கெனவே ஃபுல்லுல இருந்துச்சு. தங்கச்சி தன்னோட ஸ்பீக்கரை எடுத்தாந்து சேர்த்தா. டக்கு டக்குன்னு தறிச் சத்தம் வீடு முழுக்க. தறியைப் பிரிச்சு வித்தே நாலு வருஷம் ஆகுது.

வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பெரியம்மா எட்டிப் பார்த்தாங்க. "இன்னாடி, திரும்பத் தறி போட்டுட்டீங்களா?"