கடையும் மேடையும்

தமிழர் பேச்சை விரும்பும் இனத்தவர் என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இந்நாட்டில் ஒரு திருமணத்திற்குச் சென்றாலும், நூல் வெளியீட்டிற்குச் சென்றாலும், ஏன், ஒரு பந்தாட்டக் குழுவின் ஆண்டு விருந்திற்குச் சென்றாலும் அங்கே ஓர் ஒலிபெருக்கி இருக்கும், அதன்முன் மூவரேனும் வரிசையாக நிற்பர், சோறு ஆறிக்கொண்டிருக்கும். இத்துணைப் பேச்சார்வம் உடைய நாம், வாணிகம் என்று வந்துவிட்டால் மட்டும் வாய்மூடிக் கொள்வது எனக்கு நெடுநாளைய வியப்பு.

'சரக்கு நன்றாயிருந்தால் அதுவே பேசும்' என்பது நம் சிறுவணிகர் பலரின் கொள்கை. தெரிந்தவர் நாவிற்குத்தான் சரக்குப் பேசும். சந்தின் கடைசியில் இருக்கும் கடையின் முறுக்கு எத்துணைச் சுவையுடையதாயினும், அதனை ஒருமுறையேனும் தின்னாதவன் செவியில் அது எவ்வாறு பேசும்? முதல் முறுக்கை அவன் கைக்குக் கொண்டு சேர்ப்பது மனிதன் சொல்லும் சொல்லே. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நம் பாட்டிமார் கூறியது மேடைப் பேச்சாளரை எண்ணி அன்று, பிழைப்பை எண்ணியே.

ஆசிரியனாகிய எனக்கு இதில் என்ன அக்கறை என்று வினவலாம். ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். மாணாக்கரைப் பயிற்றுகிறோம். பரிசுக் கிண்ணங்களை அலமாரியில் அடுக்குகிறோம். அந்தப் பிள்ளைகள் பின்னர் எங்குச் செல்கிறார்கள்? சிலர் பல்கலைக்கழகம் புகுகின்றனர். வேறு பலர் லாரி ஓட்டுகின்றனர். முடி திருத்தகம் வைக்கின்றனர். பாசார் மாலாமில் கடை விரிக்கின்றனர். வீட்டிலிருந்தே இட்டிலி மாவு அரைத்து விற்கின்றனர். நாம் கற்பித்த பேச்சு அங்கே அவர்களுக்குக் கை கொடுக்கின்றதா என்பதே என் வினா.

பிரிக்பீல்ட்சில் பூமாலைக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கூறிய நிகழ்ச்சி இது. வணிகர் கூட்டமொன்றில் புதியவர் ஒவ்வொருவருக்கும் தம்மை அறிமுகம் செய்துகொள்ள இரண்டு நிமிடம் வழங்கினார்களாம். இவர் எழுந்தார். பள்ளியில் மாநில அளவில் பரிசு பெற்றவர் அல்லவா? பழக்கம் விடவில்லை. அவைத்தலைவரை விளித்தார், பெரியோர்களை விளித்தார், தாய்மார்களையும் விளித்தார். அன்னைத் தமிழுக்கு வணக்கம் கூறினார். மலருக்கும் மனித வாழ்வுக்கும் உள்ள உறவைத் தொட்டில் முதல் இடுகாடு வரை விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்ல நேரமில்லை. "கைதட்டல் பலமாகக் கிடைத்தது ஐயா, ஆனால் ஒருவரும் மாலை கேட்கவில்லை" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அவர் பேசியது நான்கே வாக்கியம். கடை இருக்குமிடம், மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிட்டால் மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் மாலை இருக்கும் என்னும் உறுதி, மழையோ நெரிசலோ அதற்குச் சாக்காகாது என்பது, திருமண மண்டபம் நடத்துவோர், சமையல் ஒப்பந்தக்காரர், புகைப்படக்காரர் ஆகியோரைத் தாம் சந்திக்க விரும்புவதாக ஒரு வேண்டுகோள். இறுதி வாக்கியத்தில்தான் நுட்பம் இருக்கிறது. பூ வாங்குவோரை அவர் தேடவில்லை. பூ வாங்குவோரை நாள்தோறும் சந்திப்பவரைத் தேடினார். இக்காலத்து இளைஞர் 'நெட்வொர்க்கிங்' என்று பெருமையோடு கூறுவது இதனையே.

பெயர் புதிது, பொருள் பழையது. கோலாலம்பூரில் லெபோ அம்பாங் சாலையில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை முதியோர் அறிவர். நீண்ட கூடம், அதில் வரிசையாகப் பல மார்க்காக்களின் பெட்டிகள், ஒவ்வொன்றின் முன்னும் பாய் விரித்து ஒரு மேலாள், ஓர் அடுத்தாள், ஒரு பெட்டியடிப் பையன். பகலில் போட்டியாளராய் இருந்தவர் இரவில் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கினர். எவன் கடனை ஒழுங்காகத் திருப்புகிறான், எவன் தவணை தப்புகிறான் என்னும் செய்தி அக்கூடத்தில் பேச்சோடு பேச்சாகப் பரவியது. நகரத்தார் தொழில் செய்த ஊர்களில் நடப்பு வட்டியைக் கூடிப் பேசி உறுதி செய்தனர். அதற்குக் கோயிலே கூடுமிடமாயிற்று. மேடையும் இல்லை, மாலை மரியாதையும் இல்லை. எனினும் அத்தகைய தொடர்பு வலையை நம்முள் வேறு எவரும் இதுகாறும் கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். அவ்வட்டத்தினுள் பிறவாதவனுக்கு அங்கே பாய் இல்லை.

பிறப்பால் வராத தொடர்பைப் பேச்சால் உண்டாக்கிக் காட்டியவர் துன் வீ. தி. சம்பந்தன். 1919ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை மலேசிய இந்தியர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அப்பெருமகனாரை நாம் அரசியல்வாதியாகவே நினைவு கூர்கிறோம். தொழில் முனைவோராகவும் அவரை எண்ணிப் பார்த்தல் தகும். நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தம் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அக்காலத்தார் அச்சத்தோடு உச்சரித்த சொல் அதுவே. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அறிக்கை வருமுன்பே பால்மரம் வெட்டிய நம் மக்கள் பலர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்துவிட்டனர்.

1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகப் பத்துத் தவணையில் செலுத்தலாம். இன்று கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. அன்றாடக் கூலியில் அரிசியும் பருப்பும் வாங்கியது போக மிச்சம் காணாத ஒரு குடும்பத்திடம் சென்று, கண்ணால் காணாத ஒரு தோட்டத்தை வாங்குவதற்காக மாதம் 10 வெள்ளி தருக என்று கேட்பது எத்தகைய வாணிகம் என்பதை எண்ணிப் பாருங்கள். காட்டுவதற்குச் சரக்கு இல்லை. சொல் ஒன்றே உண்டு. தோட்டம் தோட்டமாகச் சென்று, கூடிய தொழிலாளரிடையே அவர் பேசினார். 1961ஆம் ஆண்டு கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பெற்றது. கண்ணால் காணாத சொல் நிலமாக மாறியது. அதன்பின் பேசுவதற்குச் சம்பந்தன் ஒருவரையே நம்பியிருக்க வேண்டிய நிலை இல்லை. பங்கு வாங்கியவன் ஒவ்வொருவனும் தன் மைத்துனனிடமும் சம்பந்தியிடமும் சொல்லத் தக்க செய்தி ஒன்று பிறந்துவிட்டது. முதல் நூறு பேரைப் பேச்சால் சேர்க்கலாம். அடுத்த ஆயிரம் பேரை அந்த நூறு பேர்தாம் சேர்க்க வேண்டும். பிரிக்பீல்ட்சின் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அச்சாலையில் கடை வைத்திருப்போர் இவ்வரலாற்றை அறிந்தால் நன்று.

மேனாட்டார் இதனை ஒரு பாடமாகவே வகுத்துவிட்டனர். டேல் கார்னகி 1912ஆம் ஆண்டு நியூயார்க்கில் கிறித்தவ இளைஞர் சங்கத்தில் இரவு வகுப்பாகப் பேச்சுக்கலையைக் கற்பிக்கத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் இன்று உலகெங்கும் கிளைத்துள்ளது. நம் நாட்டிலும் அம்மன்றங்கள் உள. அங்கே நேரம் குறிக்க ஒருவர், பேசுபவர் எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுக்கிறார் என்று எண்ண ஒருவர், குறை நிறை கூற ஒருவர் என ஆட்கள் அமர்ந்திருப்பர். நம் மேடைகளுக்கு வேறொன்றும் வேண்டா. அந்த நேரம் குறிப்பவர் ஒருவரை மட்டும் இரவல் வாங்கினால் போதும் என்று நான் நண்பர்களிடம் கூறுவதுண்டு.

இவற்றினும் என் சிந்தையைத் தூண்டியது மார்க் கிரானவெட்டர் என்னும் அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே. அறிமுகமானவர் வாயிலாக வேலை பெற்றவர்களை அவர் வினவினார்: அச்செய்தியைச் சொன்னவரை அக்காலத்தில் எவ்வளவுக்கு அடிக்கடி சந்தித்தீர்கள்? வாரம் இருமுறையேனும் சந்தித்ததாகக் கூறியோர் நூற்றுக்கு 16.7 பேரே. எப்போதாவது சந்தித்தோம் என்றோர் 55.6 பேர். ஆண்டுக்கு ஒருமுறையோ அதனினும் அரிதாகவோ சந்தித்தோர் 27.8 பேர். நெருங்கிய உறவினரைக் காட்டிலும் தொலைவான அறிமுகமே புதிய வாயிலைத் திறக்கின்றது. காரணம் எளிது. நம் அண்ணன் தம்பி அறிந்ததை நாமும் அறிவோம். வேற்று வட்டத்தில் உலவுபவனே நாமறியாத செய்தியைக் கொணர்வான்.

இக்கருத்தை நம் நிலையோடு பொருத்திப் பார்த்தபோதுதான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தோட்டத்தில் ஒருவனை ஊரே அறியும். கோயிலும் பள்ளியும் ஆயாக்கொட்டகையும் கடையும் ஒரே வட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அவ்வட்டம் உடைந்தது. மக்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். அடுத்த கதவுக்காரன் பெயர் தெரியாத இடத்தில் கடை வைத்தவன், இன்னும் தோட்டத்துப் பழக்கத்திலேயே, தன்னை எல்லாரும் அறிவர் என்று எண்ணி அமர்ந்திருக்கின்றான். கடன் கிடைக்கவில்லை, இடம் கிடைக்கவில்லை என்று நாம் அடுக்கும் குறைகள் மெய்யே. ஆயினும் இந்த அறிமுகப் பஞ்சத்தை எவரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

2010ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தபோது பிரிக்பீல்ட்சின் 'லிட்டில் இந்தியா' திறப்பு விழாக் கண்டது. வளைவுகளும் வண்ணத் தூண்களும் எழுந்தன. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையோ அத்தகைய விழாவுக்காகக் காத்திராமல் தீபாவளி தோறும் நடக்க இடமின்றி நிரம்பி வழிகின்றது. இரண்டு இடங்களிலும் நான் கண்டது ஒன்று. மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் துணி பார்க்க வந்தால், அதன் நெசவையும் சாயத்தையும் மலாய்மொழியில் இரண்டு நிமிடம் எடுத்துரைக்கும் கடைக்காரரிடமே அவர் மறுமுறையும் வருகின்றார். தமிழில் அவை அஞ்சாமல் பேசப் பழகியவனுக்குப் பிறமொழியில் பேசுதல் பெரும் இடரன்று. அஞ்சாமை மொழிக்குரியதன்று, பேசுபவனுக்குரியது. தமிழ்ப்பற்று என்பது வாடிக்கையாளரிடம் வாய் திறவாமை என்று எவரும் கொள்ள வேண்டா.

பேச்சின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. தங்கும் விடுதி மண்டபங்களில் இசை முழங்க, கழுத்துப்பட்டை அணிந்த இளைஞன் மேடையேறி, மூன்றே மாதத்தில் மகிழுந்து வாங்கிய கதையைக் கண்ணீர் மல்கக் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆளைச் சேர்த்தால் பணம். அவன் மேலும் இருவரைச் சேர்த்தால் மேலும் பணம். சரக்கு எங்கே என்று கேட்டால் விடை வாராது. 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் பின்னர்த் திருத்தப்பெற்று, இத்தகைய பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்துள்ளது. எனினும் ஏமாறுவோர் குறையவில்லை. ஏமாற்றுவோர் நம் மொழியிலேயே, நம் உறவுமுறை சொல்லியே வருகின்றனர். அக்காள் என்று அழைத்து அக்காளின் தாலிக்கொடியை அடகு வைக்கச் செய்கின்றனர். திருக்குறளில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம். அதனை அடுத்து நிற்பது வினைத்தூய்மை. அவையறிதலும் அவையஞ்சாமையும் 72, 73ஆம் அதிகாரங்களாகப் பின்னரே வருகின்றன. இவ்வரிசையை வகுப்பில் நடத்தும்போது நான் சற்று நின்று செல்வது வழக்கம்.

எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டியை நாங்கள் நிறுத்திவிடவில்லை. விளித்தலும் வணக்கமும் அழகியனவே. அவற்றை அறியாத பிள்ளை எனக்கு வேண்டா. ஆயின் அதனோடு இன்னொன்று சேர்த்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒருவர் செய்யும் தொழிலை, அதனை அறியாத ஒருவருக்கு ஒரே நிமிடத்தில் விளக்க வேண்டும். எழுதி மனப்பாடம் செய்தல் கூடாது. கேட்பவர் ஒரு வினாத் தொடுப்பார். அதற்கும் விடையிறுக்க வேண்டும். முதலாண்டு பெற்றோர் சிலர் வருந்தினர். கூலி வேலை செய்வதைப் பிள்ளை மேடையில் சொல்லலாமா என்றனர். ஒரு தந்தை குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். அவர் மட்டும் மகனைப் பட்டறைக்கே அழைத்துச் சென்று கருவிகளின் பெயர்களைக் கற்பித்து அனுப்பினார்.

சென்ற முறை மெல்லிய குரலுடைய ஒரு சிறுமி எழுந்தாள். தாயார் இட்டிலி மாவு விற்கிறார் என்றாள். அரிசி ஊறும் நேரம், உளுந்து ஊறும் நேரம், மழைநாளில் மாவு புளிக்கக் காலம் மிகுவதால் அன்று முன்னிரவிலேயே அரைக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "உன் அம்மாவின் மாவைக் கடையில் வாங்கும் மாவிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?" என்று நடுவர் கேட்டார். "அம்மா சோடா போடுவதில்லை ஐயா; அதனால் நாளைக்கு நீங்கள் எடுத்து வைத்தாலும் வாடை வராது. ஒரு பொட்டலம் மூன்று வெள்ளி" என்றாள். பக்கத்திலிருந்த ஆசிரியை மதிப்பெண் தாளின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். 'வெள்ளிக்கிழமை, இரண்டு பொட்டலம்' என்று எழுதியிருந்தது.