கைப்பேசியும் தமிழ் மாணவரும்

நம் கல்லூரி மாணவருள் நூலின்றி வகுப்பிற்கு வருவார் பலர் உளர். கைப்பேசியின்றி வருவாரைக் காண்டல் அரிது. ஆயினும், அக்கருவியினுள் அமைந்துகிடக்கும் பயன்களுள் நாம் எடுத்தாள்வன எத்துணை என்று எண்ணப்புகின், பத்து அறைகள் கொண்ட வீட்டை விலைகொடுத்து வாங்கித் திண்ணையிலேயே குடியிருப்பாரை ஒத்திருக்கின்றோம் என்றே கூறல் வேண்டும். கைப்பேசி நன்மை பயப்பதோ தீமை பயப்பதோ என்னும் சொற்போர் தமிழ் மன்றங்களில் அடிக்கடி நிகழ்வது. அதனை யாம் ஈண்டுத் தொடப்போவதில்லை. பெற்றோர் வயிற்றைக் கட்டித் தவணைமுறையில் வாங்கித் தந்த பொருள் கையில் வந்துவிட்டது. வந்ததை முழுதும் ஆள்வது எங்ஙனம் என்பதே எமது வினா. அறிவியல் பயிலும் நண்பர்கள், ‘இலக்கணம் படிப்பார்க்கு இயந்திரத்தில் என்ன வேலை?’ என்று நகைத்தல் கூடும். அவர்கட்குரிய விடை விசைப்பலகையிலேயே இருக்கின்றது.

தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தில் தட்டி, அது தமிழாக மாறி வரும்வரை காத்திருப்பாரே நம்முள் மிகப் பலர். ‘தமிழ் 99’ என்றொரு விசைப்பலகை உண்டு. 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாக எழுந்தது அது. இடக்கை ஆளும் பக்கத்தே உயிர்கள். வலக்கை ஆளும் பக்கத்தே பெரும்பாலும் மெய்கள். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் முறையிலேயே எழுத்துகள் திரையிற் பிறக்கின்றன. ஐபோனில் இது முன்னரே அமைந்துளது. ஆண்ட்ராய்டுக் கைப்பேசியுடையார், மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் ஆக்கிய ‘செல்லினம்’ என்னும் செயலியால் இதனைப் பெறலாம்.

இதன்கண் எம்மை வியப்பில் ஆழ்த்தியது ஒன்றுண்டு. ஒரே மெய்யை இருமுறை அழுத்தின், முதலெழுத்து தானே புள்ளி பெறும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டே போதும். மெல்லெழுத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லெழுத்து வரினும் அங்ஙனமே: ங, க என்று தட்ட ‘ங்க’ எனவும், ந, த என்று தட்ட ‘ந்த’ எனவும் தாமே அமையும். நன்னூல் வகுப்பில் இனவெழுத்து என்று நாம் உருப்போட்டது இங்கே விரல்நுனியில் வேலை செய்கின்றது! ‘பரமபதம்’ போன்ற சொற்களில் மகரம் புள்ளி பெறலாகாதே எனின், மகரத்தை அடுத்து அகரத்தை ஒருமுறை அழுத்துக. புள்ளி விலகி நிற்கும். இலக்கணம் கற்றாரே இப்பலகையை எளிதிற் கைக்கொள்வர் என்பது எம் துணிபு. முதல் நான்கைந்து நாள் விரல் தடுமாறும். பின்னர் உரோமன் வழியை நினைத்தலும் சலிப்பாம்.

எழுதியதில் நடுவே ஓரெழுத்து பிழையாயின், பெருவிரலால் அவ்விடத்தைத் தொட முயன்று முயன்று சினங்கொள்வாரைக் கண்டிருக்கின்றோம். சொல்லிடை வெளி விடுதற்குரிய நீண்ட விசைமேல் விரலை வைத்து இடமும் வலமுமாக இழுத்தால், எழுதுமிடத்தைக் காட்டும் கோடு ஓரோர் எழுத்தாய் நகரும். கூகுளின் ஜிபோர்டில் இவ்வாறு. ஐபோனிலாயின் அவ்விசையைச் சற்றே அழுத்திப் பிடித்த பின் இழுத்தல் வேண்டும்.

நிற்க. இவையெல்லாம் விளையாட்டன்று என்பதற்கு எம் ஆச்சியே சான்று. அவர்கள் வாழ்வது தேரிக்காட்டை அடுத்ததொரு சிற்றூர். தமிழ் நன்கு வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியார்கள். மும்பையிலும் வளைகுடா நாட்டிலும் இருக்கும் எம் மாமன்மார், நலம் கேட்டு வாட்ஸப்பில் எழுதுவனவெல்லாம் உரோமன் எழுத்தில் அமைந்த தமிழே. சொல் தமிழ், எழுத்து வேறு. ஆதலின் தம் மக்கள் எழுதியதை அறியவேண்டி, ஆச்சி கைப்பேசியை எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுச் சிறுவனைத் தேடிச் செல்வார்கள். வீட்டு இரகசியங்கள் அத்துணையும் அச்சிறுவன் அறிவான்! கடன் தொல்லையைக் குறித்து மாமன் எழுதியதொரு மடலையும் அவனே உரக்க வாசித்தான் என்று ஆச்சி வருந்திக் கூறக் கேட்டபொழுது, சென்ற விடுமுறையில் யாம் மூன்று செயல்கள் செய்தோம்.

முதலாவது, மாமன்மார் இருவர்க்கும் தமிழ் விசைப்பலகையை அமைத்துக்கொள்ளும் வழியை எழுதியனுப்பினோம். தட்டுதற்குப் பொழுதில்லை என்ற இளைய மாமனுக்கு, விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டு வாயாற் கூறின் அதுவே தமிழில் எழுதும் என்று தெரிவித்தோம். குரல்வழித் தட்டச்சில் கூகுள் தமிழைச் சேர்த்தது 2017ஆம் ஆண்டு. இன்னும் அறியாதார் பலர். இரண்டாவது, ஆச்சியின் கைப்பேசியில் ‘அமைப்புகள்’ பகுதியினுள் திரைக்குரிய இடத்திற்குச் சென்று எழுத்தளவைப் பெரிதாக்கினோம். வாட்ஸப்பினுள்ளும் உரையாடல் எழுத்தின் அளவைத் தனியே கூட்டினோம். கண்புரை தொடங்கியிருக்கும் கண்களுக்கு இது மூக்குக்கண்ணாடிக்கு அடுத்த உதவி. மூன்றாவது, அணுகல் வசதிகள் என்னும் தலைப்பின்கீழ் உள்ளதும், தேர்ந்த பகுதியைப் படித்துக் காட்டுவதுமாகிய வசதியை இயக்கினோம். திரையில் உள்ள தமிழைத் தொட்டால் கருவி வாசிக்கும். அக்குரலில் உணர்ச்சி இல்லை. ஒலிப்பும் சிற்சில இடங்களில் எமக்கு உவப்பாயில்லை. ஆச்சியோ, “இவ பக்கத்து வீட்டுல போயிச் சொல்ல மாட்டாள்லா, அது போதும் அய்யா” என்றார்கள். மூன்று செயல்கட்கும் சேர்ந்து கால் மணி நேரமும் ஆகவில்லை.

இனி, தேடும் முறை. நூல்களைத் திரையிற் படிக்கும் வாய்ப்பு நமக்கு நிரம்ப உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகின்றது. ஒரு பக்கத்தைத் திறந்து, உலாவியின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், அப்பக்கத்துள் தேடும் கட்டளை கிட்டும். ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும்: இயந்திரம் எழுத்தைத் தேடுமேயன்றிச் சொல்லைத் தேடாது. எம் வகுப்பினர் ஒருவர் ‘மரம்’ என்று தேடி, அந்நூலில் மரம் மிகச் சில இடங்களிலேயே வருகின்றது என்று கட்டுரை எழுத இருந்தார். மரத்தை, மரத்தின், மரங்கள் என்பனவற்றில் மகர ஈறு ஏது? அது கெட்டு அத்துச்சாரியை வந்தும், இனவெழுத்தாய்த் திரிந்தும் நிற்கின்றதே! ஈற்றை விடுத்து ‘மர’ என்று தேடுக, எல்லாம் அகப்படும். உடன் மரபும் மரணமும் வரும், குமரனும் வருவான். அவரைத் தள்ளிவிடுதல் எளிது. வந்தவற்றுள் வேண்டாதன களையலாம். வாராததை எங்ஙனம் அறிவது?

அகராதியிலாயின் முறை நேர்மாறு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும், பெப்ரீசியஸ் ஐயர் பெயரால் வழங்கும் அகராதியும் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தளத்திலே தேடக் கிடைக்கின்றன. அங்கே வேற்றுமையுருபை நீக்கி, ‘மரம்’ என்றே முழுச்சொல்லாக இடுதல் வேண்டும். கூகுளில் ஒரு தொடரை அப்படியே தேட விழைவார் அதனை இரட்டை மேற்கோட்குறிக்குள் இடுக.

பழைய நூற்பக்கங்களைப் படம்பிடித்து நண்பர்க்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே மிகுதி. வாட்ஸப்பில் படமாக அனுப்பின், அது படத்தைச் சுருக்கிவிடும். அடிக்குறிப்பின் நுண்ணெழுத்துகள் மங்கிப்போம். இணைக்கும் குறியைத் தொட்டு, ‘ஆவணம்’ என்பதைத் தேர்ந்து, அப்படத்தை அனுப்பின் எடுத்தவாறே சென்று சேரும். அச்சிட்ட பக்கமாயின், படத்தைக் கூகுள் டிரைவில் இட்டு, கணினியில் அதனைக் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறக்க, எழுத்துகள் திருத்தத்தக்க உரையாக வரும். தமிழும் அதற்குத் தெரியும். எனினும் வந்ததை அப்படியே நம்பற்க. ரகரமும் காலும் இடம் மாறி நிற்றல் உண்டு; 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட பதிப்பாயின் வரிவரியாக மூலத்தோடு ஒப்புநோக்கல் இன்றியமையாதது. ஏடு பார்த்துப் பதிப்பித்த பெரியோர் பட்ட பாட்டில் ஒரு சிறு துளியேனும் நாம் படுவோமே!

பொழுதை விழுங்கும் அறிவிப்பொலிகளைப் பற்றி ஒரு சொல். ஓர் அறிவிப்பு வந்தவுடன் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், அச்செயலியின் வாயை அங்கேயே அடைத்துவிடலாம். தேர்வுக் காலத்தில் யாம் இங்ஙனம் அடைத்தவை பதினொன்று. அவற்றுள் ஒன்றையேனும் மீளத் திறக்கவேண்டிய தேவை இதுகாறும் நேரவில்லை.

இறுதியாக, கைப்பேசி தொலைந்துபோம் நாளைக்கு வேண்டுவது. எண்களை அழுத்தும் இடத்தில் *#06# என்று இட்டால், 15 இலக்கங்கொண்ட அடையாள எண் தோன்றும். இரண்டு சிம் இடும் கருவியாயின் இரண்டு எண்கள் வரும். முறையீடு செய்யுங்கால் காவலர் கேட்பதும், மைய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் கருவியை முடக்குதற்கு வேண்டுவதும் அவ்வெண்ணே. அதனைக் கைப்பேசியினுள்ளேயே குறித்துவைத்தாரையும் விடுதியில் கண்டோம்! தாளில் எழுதி, வீட்டில் அன்னையாரிடம் ஒருபடி கொடுத்துவைக்க. எம் ஆச்சி தம் எண்ணைப் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில், பெரிய எழுத்தில், தம் கையாலேயே எழுதிவைத்திருக்கின்றார்கள்.