காணாமற்போன கோப்பு

வீட்டில் விளக்கு அணைந்தால் நம்மவர் முதலில் செய்யும் காரியம், வாசலுக்கு வந்து எதிர் வீட்டை எட்டிப் பார்ப்பதுதான். அங்கும் இருட்டாக இருந்தால் மனத்துக்கு ஓர் ஆறுதல். "எல்லார்க்கும் போயிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் வீட்டுக் கணிப்பொறி மக்கர் செய்யும்போது எட்டிப் பார்க்க எதிர் வீடு கிடையாது. அந்தத் துன்பம் நமக்கே உரியது. அதை வரவழைத்தவரும் நாமே என்றால் கேட்க வேண்டுமா? அப்படி ஒரு கதையைத்தான் மன்ற நண்பர்களுக்குச் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு சித்தூரில். தாத்தா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவர். சித்தூர் அதனோடு சேர்ந்தது. நாம் படிக்கும் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் அதற்கு மறு ஆண்டு, 1954இல், திருப்பதியில் தோன்றியதே. பிறகு எல்லைப் பூசல் படாஸ்கர் நடுவராக இருந்து சொன்ன முடிவின்படி தீர்ந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. தாத்தாவின் அக்காளைக் கொடுத்த ஊர் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். "அவர்கள் கோட்டை வரைபடத்தில் போட்டார்கள், நாங்கள் அதைக் கல்யாணப் பத்திரிகையோடு தாண்டினோம்" என்பார் தாத்தா. அந்தக் காலத்து நினைவுகளையெல்லாம் நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி வந்தார். நூற்றெண்பது பக்கம் ஆகியிருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் நான் வீட்டுக்குப் போனேன். கணிப்பொறியில் இடம் போதவில்லை என்று சிவப்புக் கோடு காட்டிற்று. கணிப்பொறி பற்றி நாலு விஷயம் தெரிந்தவன் என்ற செருக்கு எனக்கு. நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்தேன். "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்டிரிபியூட்டபிள்" என்னும் நீண்ட பெயர் 2005, 2008, 2010, 2013 என ஆண்டு வாரியாக அடுக்கி நின்றது. ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டிரண்டு வேறு. "ஒரே பண்டம் பத்துத் தடவையா?" என்று எண்ணி அத்தனையையும் நீக்கிவிட்டேன். மிச்சமான இடமோ கடுகளவு!

மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டுத் தாத்தா எழுத உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் என்னை அழைத்தார். திரையில் ஓர் அறிவிப்பு. "வி.சி.ரன்டைம் 140 டி.எல்.எல்." என்ற கோப்பு காணப்படவில்லையாம், ஆகையால் செயலியைத் தொடங்க இயலாதாம்.

"டேய் கண்ணா, நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனா?" என்றார்.

அந்தக் கணமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பார்க்கறேன் தாத்தா" என்றேன். அந்த இரண்டு சொல்லில் என் குற்றம் அவர் தலைக்கு ஏறிவிட்டது.

இந்த டி.எல்.எல். என்பது என்ன? டைனமிக் லிங்க் லைப்ரரி என்பதன் சுருக்கம். எங்கள் தெருவில் கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய அண்டா ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு அப்படி ஓர் அண்டா வாங்குவதில்லை. தேவைப்பட்டவர் எடுத்துப் பயன்படுத்திவிட்டு வைப்பர். கணிப்பொறியிலும் அப்படியே. பல செயலிகளுக்கும் பொதுவான வேலைகளை ஒரு கோப்பில் எழுதிப் பொது இடத்தில் வைத்திருப்பார்கள். செயலி தொடங்கும்போது அதைத் தேடும். அண்டாவை எவனோ எடுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டால் அடுத்த கல்யாணத்தில் சோறு எங்ஙனம் வேகும்? அந்த எவனோ நானேதான்.

முதலில் குறுக்கு வழி தேடினேன். அந்த ஒரு கோப்பை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று இணையத்தில் பலர் கடை விரித்திருந்தனர். ஒன்றை இறக்கி, "சிஸ்டம் 32" என்னும் அறையில் வைத்தேன். பழைய அறிவிப்பு போய்விட்டது. பூஜ்யத்தில் தொடங்கி "7பி" என்று முடியும் ஒரு பிழை எண் வந்து நின்றது. நான் வைத்தது 32 பிட் கோப்பு. செயலியோ 64 பிட். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 64 பிட் விண்டோஸில் "சிஸ்டம் 32" என்ற அறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருக்கும் அறையின் பெயரோ "சிஸ் வாவ் 64"! பெயரை நம்பிப் பெண் கொடுத்தவன் கதைதான் என் கதை.

மாலையில் தாத்தாவும் நானும் கடைத்தெருவில் பழுது பார்க்கும் ஒருவரிடம் போனோம். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "பார்மட் பண்ணிடலாம் சார், புதுசா ஆயிடும்" என்றார்.

"என் எழுத்து?" என்று கேட்டார் தாத்தா.

"அது போயிடும் பெரியவரே. பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

தாத்தா அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். திரும்பி வரும் வழியில் வெகுநேரம் பேசவில்லை. வீட்டை நெருங்கும்போது, "போனாப் போகட்டும்டா. மறுபடியும் எழுத எனக்கு வயசில்லே, அவ்வளவுதான்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் கணிப்பொறியின் பெட்டியை அரிசிச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு இரயில் ஏறினேன். பாகாலாவில் ஏறிய ஒரு பெரியவர் மூட்டையைப் பார்த்து, பெருமாளுக்குக் காணிக்கையா என்று தெலுங்கில் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். சந்திரகிரிக் கோட்டை கண்ணில் பட்டபோதும் என் மனம் மடியிலிருந்த பெட்டியிலேயே இருந்தது.

திருப்பதியில் ஆராய்ச்சி மாணவராக இருக்கும் என் நண்பர் ஒருவர் விடுமுறையிலும் விடுதியிலேயே தங்கியிருந்தார். தெலுங்கர், தமிழும் நன்றாகப் பேசுவார். அறிவிப்பைப் படித்துவிட்டு, "கடைசியா இதுல என்ன செஞ்சே?" என்றார்.

"ஒண்ணும் செய்யலை அண்ணா."

மறுபடியும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது என்னால் முடியவில்லை, அனைத்தையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும் தம்பி" என்றார்.

அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்கேனும் உதவும். முதலில் தாத்தாவின் எழுத்தை இரண்டு பென் டிரைவில் படியெடுத்துத் தம் கணிப்பொறியில் திறந்து காட்டினார். நூற்றெண்பது பக்கமும் அப்படியே இருந்தன! எழுத்து ஒருபோதும் தொலையவில்லை. அதைத் திறக்கும் செயலிதான் முடங்கியிருந்தது. இவ்வளவு சிறிய உண்மை எனக்கும் தோன்றவில்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை.

அடுத்து நான் கொண்டுவந்து வைத்த ஊர்பேர் தெரியாத கோப்பை நீக்கி, வைரஸ் உண்டா என்று முழுதும் சோதித்தார். பிறகு மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே அந்த ரீடிஸ்டிரிபியூட்டபிள் தொகுப்பை 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் இறக்கி நிறுவினார். "140" என்பது 2015 முதல் வந்த தொகுப்புகளின் அடையாளமாம். பழைய ஆண்டுத் தொகுப்புகளை நம்பிய செயலிகள் பல உண்டு. புதியது பழையதன் வேலையைச் செய்யாது. ஆகையால் அவற்றையும் திருப்பி வைத்தார். நான் "ஒரே பண்டம்" என்று எண்ணியது எவ்வளவு பேதைமை!

கடைசியாக, நிர்வாகி உரிமையோடு கறுப்புத் திரையைத் திறந்து "எஸ்.எஃப்.சி. ஸ்கேன் நவ்" என்னும் கட்டளையை ஓட்டினார். அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்துக் கெட்டதை மாற்றி வைக்கும். அதனால் முடியாவிட்டால் "டிஸ்ம்" என்ற கட்டளையால் மூலப் படியைச் செப்பனிட்டுவிட்டு மீண்டும் இதை ஓட்ட வேண்டுமாம். நான் தொலைத்தது போன்ற வெளித் தொகுப்புக் கோப்புகளை அது கொண்டுவராது; ஆயினும் வேறு சேதம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள உதவும். பெட்டியை அணைத்துப் போட்டோம். செயலி திறந்தது. மொத்தம் ஒரு மணி நேரம்.

என் முகவாட்டத்தைக் கண்டு அவர் ஒரு பழங்கதை சொன்னார். 2002இல் உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் சுற்றியதாம். கரடிப் பொம்மைச் சின்னம் உள்ள ஒரு கோப்பு உங்கள் கணிப்பொறியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள் என்று. பலர் தேடினர், இருந்தது, அழித்தனர், நண்பர்களுக்கும் எச்சரிக்கை அனுப்பினர். அதுவோ விண்டோஸோடு வந்த நல்ல கோப்பு! 2024 ஜூலை 19 அன்று நடந்ததோ இதற்கு நேர்மாறு. கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளுக்குப் பழுதான கோப்பு ஒன்று வந்து சேர, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் நுழைவுச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று மருந்து, அந்தக் கோப்பை நீக்குவது. ஆக, எதை வைப்பது எதை நீக்குவது என்பதை அறியாமல் கை வைப்பதே ஆபத்து.

ஊர் திரும்பிப் பெட்டியை இணைத்துத் தாத்தாவின் எழுத்தைத் திறந்து காட்டினேன். பிறகு, "தாத்தா, அந்தக் கோப்பை எடுத்தது நான்தான். உங்ககிட்டே சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். திட்டுவார் என்று காத்து நின்றேன்.

அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். "அப்போ நான் எதையும் தப்பா அழுத்தலையா?" என்றார்.

"இல்லே தாத்தா."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான்கு நாளாக அவர் பக்கத்து அறையிலிருந்த என் மடிக்கணினியைக்கூடத் தொடவில்லை என்று அம்மா பின்னால் சொன்னாள். தாம் தொட்டால் கெட்டுவிடும் என்று பயமாம். எண்பது வயதில் ஒரு விரலால் கற்றுக்கொண்ட கலையை என் மௌனம் அவரிடமிருந்து பறிக்க இருந்தது. காணாமற்போன கோப்பை ஒரு மணி நேரத்தில் திருப்பி வைத்தோம். அந்தத் தைரியம் போயிருந்தால் எந்தத் தளத்திலிருந்து இறக்குவது?

நண்பர்களே, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். பெரியவர்கள் எழுதி வைத்திருப்பதை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். ஏதேனும் கெட்டுப்போய், "நான் தப்பா அழுத்திட்டேனா?" என்று அவர்கள் கேட்டால், உண்மையை அப்போதே சொல்லிவிடுங்கள்.

தாத்தா இப்போது இருநூறாவது பக்கத்தில் இருக்கிறார்.